ஒரே ஒரு கிளோன் போதும்: அனுபிஸ் பிறந்த கதையும் சிறு சர்வர்கள் பட்ட பாடும்

2025 ஜனவரியில் ஸீ ஐயாஸோ என்ற நிரலாளரின் கிட் சர்வர், அதாவது நிரல்களையும் அவற்றின் மாற்ற வரலாற்றையும் வைத்திருக்கும் சர்வர், தள்ளாட ஆரம்பித்தது. அது பெரிய தளம் ஒன்றும் இல்லை. தன் நிரல்களை வைத்துக்கொள்ள, கிடீ என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை நிறுவி அவரே நடத்திவந்த சர்வர். வருகைப் பதிவான லாகைத் திறந்து பார்த்தால், அமேசான்பாட் என்று பெயர் சொல்லிக்கொண்டு வந்த க்ராலர் (வலைப் பக்கங்களைத் தானாகத் திறந்து படிக்கும் நிரல், ஒரு வகைப் பாட்) கண்ணில் பட்ட லிங்க்கை எல்லாம் விடாமல் திறந்துகொண்டே போயிருந்தது. க்ராலர்கள் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ்.டெக்ஸ்ட் கோப்பில் ‘வராதே’ என்று எழுதி வைத்தார். நிற்கவில்லை. பெயரைப் பார்த்துத் தடுத்தால் வேறு பெயரில் வருகிறார்கள். ஐபி முகவரியைத் தடுத்தால் யாரோ ஒருவர் வீட்டு இணைய இணைப்பின் முகவரியில் வருகிறார்கள். சர்வரையே விபிஎன்னுக்குப் பின்னால் வைத்துப் பூட்டிவிடலாமா என்று யோசிக்கும் நிலைக்கு வந்துவிட்டார். ஊருக்கெல்லாம் திறந்து வைத்த நிரலைப் பூட்டுவது என்றால், அதைத் திறந்து வைத்த நோக்கமே போய்விடும்.

அடுத்த சில நாட்களில் அவர் கோ மொழியில் ஒரு சிறு நிரல் எழுதி வெளியிட்டார். பெயர் அனுபிஸ். இறந்தவரின் இதயத்தைத் தராசில் வைத்து எடைபோடும் எகிப்தியக் கடவுளின் பெயர். சர்வருக்கு முன்னால் நின்றுகொண்டு, வருவது மனிதரின் பிரவுசரா, பாட்டா என்று எடைபோடுவதுதான் அதன் வேலை.

தனி ஒருவருடைய சர்வரின் சங்கடத்தை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. மூன்றே மாதங்களுக்குள் க்னோம், கேடிஇ, ஃபெடோரா, சோர்ஸ்ஹட் என ஓப்பன் சோர்ஸ் உலகின் பெரிய பெயர்கள் பலவும், ஏஐ பயிற்சிக்குத் தரவு அள்ளும் க்ராலர்கள் பற்றி இதே புகாரோடு வந்து நின்றன. அவர்களில் பலர் அதைப் பேசிக்கொண்ட இடம் மாஸ்டடான். அதுவும் சிறு சிறு சர்வர்களாக, பெரும்பாலும் தன்னார்வலர்கள் கைக்காசில் ஓடும் சமூக வலை. நம் நிரலைப் படித்து ஏஐ கற்கலாமா, கூடாதா என்ற வாதம் ஒரு பக்கம் ஓடட்டும். நான் இங்கே எடுத்துக்கொள்வது அதைவிட எளிமையான கேள்வி: எடுப்பவருக்கு ஆகும் செலவு எவ்வளவு, கொடுப்பவருக்கு ஆகும் செலவு எவ்வளவு?

கிட் சர்வர் ஏன் முதலில் விழுந்தது

ஒரு கட்டுரைப் பக்கத்தை ஆயிரம் பேர் கேட்டாலும் சர்வருக்குச் சிரமம் கிடையாது. முதல் ஆளுக்குத் தயாரித்ததைக் கேஷில் வைத்து மற்றவர்களுக்கும் அதையே கொடுத்துவிடும். கிட் சர்வரில் அப்படி முடியாது. ‘ப்ளேம்’ பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்பின் ஒவ்வொரு வரியும் எந்தக் கமிட்டில் (பதிந்து வைத்த மாற்றத்தில்), யார் கையால் வந்தது என்று காட்டும் பக்கம் அது. அதைக் கொடுக்க, சர்வர் அந்தக் கோப்பின் வரலாற்றில் பின்னோக்கி நடந்து, ஒவ்வொரு மாற்றத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வேலை செய்யும் நிரலாளர் இதை நாளுக்கு ஓரிரு முறை திறப்பார். அந்த அளவுக்குத்தான் இது கட்டப்பட்டது.

க்ராலருக்கு இது தெரியாது. அதற்கு எல்லாமே லிங்க். லினக்ஸ் கெர்னலின் ரெப்போவை (நிரல் களஞ்சியத்தை) எடுத்துக்கொண்டால், 10 லட்சத்துக்கும் மேல் கமிட்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கமிட்டின் நிலையிலும் சராசரியாக 50 ஆயிரம் கோப்புகள் என்று வைத்துக் கணக்குப் போட்டாலே, ப்ளேம் பக்கங்கள் மட்டும் 5,000 கோடி வரும். அப்புறம் கோப்பு வாரியான வரலாறு, கமிட்டுக்குக் கமிட் ஒப்பீடு, பழைய பதிப்புகளின் ஜிப் என்று இன்னும் எத்தனையோ வகை. லிங்க்கைப் பிடித்துக்கொண்டே போகும் நிரலுக்கு இது கரையே இல்லாத கடல். அது கேட்கும் பக்கத்தை வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அதனால் கேஷும் உதவாது. ஒவ்வொரு கோரிக்கையும் புதிதாகக் கணக்கிடப்பட வேண்டியது.

இதில் என் மனம் ஆறாத இடம் ஒன்று உண்டு. இந்த 5,000 கோடிப் பக்கங்களில் இருப்பது அத்தனையும் ‘கிட் க்ளோன்’ என்ற ஒரே கட்டளையில் சில ஜிபி அளவில் இறங்கிவிடும். ப்ளேமும் வரலாறும் ஒப்பீடும் உங்கள் கணினியிலேயே, நீங்கள் கேட்ட நேரத்தில், சர்வருக்கு ஒரு துளி வேலை கூட வைக்காமல் கிடைக்கும். கிட்டை வடிவமைத்ததே அதற்காகத்தான். முழு வரலாற்றையும் அள்ளிக்கொண்டு போ என்று வாசல் திறந்து கிடக்கும்போது, சுவரில் இருந்து செங்கல் செங்கலாக உருவிக்கொண்டிருந்தார்கள். பேராசை என்று சொல்வதைவிட, எதை எடுக்கிறோம் என்று திரும்பிக்கூடப் பார்க்காத அலட்சியம் என்றே இதைச் சொல்வேன்.

மார்ச் 2025

சோர்ஸ்ஹட் தளத்தை நடத்தும் ட்ரூ டிவால்ட் மார்ச் 17-ஆம் தேதி தன் கோபத்தை விரிவாக எழுதினார். பல்லாயிரம் ஐபி முகவரிகளில் இருந்து, பெரும்பாலும் வீட்டு இணைப்புகள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு கோரிக்கை மட்டும் அனுப்பிவிட்டு மறைந்துவிடுகிறது என்றார். ‘ஒரு முகவரி நிமிடத்துக்கு இத்தனை முறைதான் வரலாம்’ என்ற பழைய வேகத்தடை இங்கே செல்லாது, ஏனென்றால் எந்த முகவரியும் இரண்டாம் முறை வருவதில்லை. தன் வேலை நேரத்தில் 20 சதவீதம் தொடங்கி, சில வாரங்களில் முழு வாரமும் இதற்கே போகிறது என்று அவர் எழுதியதைப் படித்தபோது, அந்த வாரங்களில் எழுதப்படாமல் போன நிரல்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

லினக்ஸ் திட்டமான ஃபெடோராவின் நிரல் தளமான பாகூரைக் கவனித்துக்கொள்ளும் கெவின் ஃபென்சி, மற்ற வழிகள் எல்லாம் தோற்ற பிறகு, பிரேசில் நாட்டில் இருந்து வரும் போக்குவரத்து முழுவதையும் தடுக்க வேண்டியதாயிற்று. ஒரு நாடு முழுக்க! அங்கே உட்கார்ந்து ஃபெடோராவுக்கு வேலை செய்பவர்களும் அதில் அடக்கம்.

க்னோம் திட்டத்தின் கிட்லேப் சர்வருக்கு 2024 நவம்பரிலேயே தொல்லை தொடங்கிவிட்டது. உள்நுழையாதவர்களுக்கு முதலில் வேகத்தடை போட்டுப் பார்த்தார்கள். போதவில்லை. 2025 மார்ச்சில் அனுபிஸைக் காவலுக்கு வைத்தார்கள். அதன் நிர்வாகிகளில் ஒருவர் மாஸ்டடானில் பகிர்ந்த எண்ணிக்கைதான் இந்த ஆய்வின் நடுப்புள்ளி: சுமார் இரண்டரை மணி நேரத்தில் 81 ஆயிரம் கோரிக்கைகள் வந்தன, அவற்றில் சோதனையைத் தாண்டியது 3 சதவீதம். ஜாவாஸ்கிரிப்ட்டை நிறுத்தி வைத்திருக்கும் மனிதர்களும், பாதியில் பொறுமை இழந்து போனவர்களும் மிச்சத்தில் கொஞ்சம் இருக்கக்கூடும் என்று விட்டுக்கொடுத்தாலும், வந்தவர்களில் மிகப் பெரும்பான்மை மனிதர்கள் இல்லை என்பதில் சந்தேகப்பட இடமில்லை.

கிட் சர்வர்களோடு இது நிற்கவில்லை. நிரல் ஆவணங்களை இலவசமாக வைத்துத் தரும் ரீட் த டாக்ஸில், 2024 மே மாதம் ஒரே ஒரு க்ராலர் 73 டெராபைட் இறக்கியது. பேண்ட்வித் செலவு மட்டும் 5,000 டாலருக்கு மேல். விக்கிமீடியா 2025 ஏப்ரலில் சொன்ன கணக்கில், அவர்களுக்கு அதிகச் செலவு வைக்கும் போக்குவரத்தில் 65 சதவீதம் பாட்களுடையது. பக்கப் பார்வைகளில் அவற்றின் பங்கோ 35 சதவீதம்தான். யாரும் படிக்காத பழைய பக்கங்களையும் அவை வரிசையாகத் தொடுவதால் வரும் வித்தியாசம் இது. ப்ளேம் பக்கத்தின் கதையேதான்.

முறிந்த வாக்கு

ரோபாட்ஸ்.டெக்ஸ்ட் 1994-இல் மார்ட்டைன் காஸ்டர் முன்வைத்த ஏற்பாடு. க்ராலர் எழுதுபவர்களும் தளம் நடத்துபவர்களும் பேசி ஒத்துக்கொண்டது. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. 2022-இல்தான் ஆர்எஃப்சி 9309 என்ற எண்ணோடு முறையான வரையறையாக வந்தது. ஏறக்குறைய 30 ஆண்டுகள் அது தாக்குப்பிடித்ததற்குக் காரணம், இரண்டு பக்கமும் லாபம் இருந்ததுதான். தேடுபொறி என் பக்கத்தைப் படித்துப் போகும், பதிலுக்கு வாசகரை அனுப்பும். நான் வேண்டாம் என்ற இடத்துக்கு வராது, ஏனென்றால் நான் கோபித்துக்கொண்டு முழுவதையும் மூடினால் அதற்கும் நஷ்டம். ஏஐ மாதிரிகளுக்குப் பயிற்சி கொடுக்க அள்ளுபவருக்கு இந்தக் கணக்கு இல்லை. ஒரு முறை எடுத்துவிட்டால் போதும். அப்புறம் அந்தத் தளம் இருந்தாலும் விழுந்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கூட்டமாகப் போய் ஒரு சர்வரைச் சாய்ப்பது மாஸ்டடானுக்கும் புதிதல்ல. ஒரு பதிவில் லிங்க் இருந்தால், அது போய்ச் சேரும் ஒவ்வொரு சர்வரும் முன்னோட்டப் படம் காட்ட அந்தப் பக்கத்தைத் தானே போய் எடுக்கும். நிறையப் பேர் பின்தொடரும் ஒருவர் ஒரு சிறு தளத்தைப் பாராட்டிப் பதிவிட்டால், பாராட்டோடு ஆயிரக்கணக்கான கோரிக்கைகளும் ஒரே மூச்சில் போய் விழும். 2022-க்குப் பிறகு ஆட்கள் குவிந்தபோது இந்தப் புகார் பலமாகக் கேட்டது. ஒவ்வொரு சர்வரும் ஒரு நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு நொடியில் போய் எடுக்கட்டும் என்று மாஸ்டடானின் நிரலில் ஒரு தாமதம் இருக்கிறது. முழுத் தீர்வு அதுவல்ல. ஆனால் அந்தக் கோரிக்கைகள் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகின்றன. வேண்டாம் என்றால் ஒரே வரியில் தடுக்கலாம். எழுதியவர்களிடம் போய்ப் புகார் சொல்லலாம், அவர்களும் அதே வலையில் உட்கார்ந்து பதில் சொல்வார்கள். தவறு நடப்பதும் தவறைச் சொல்ல ஒரு ஆள் இருப்பதும் ஒரே இடத்தில் இருந்தால், பிரச்சினை பேசித் தீர்க்கும் அளவிலேயே இருக்கும்.

அனுபிஸ் என்ன செய்கிறது

பிரவுசர் முதல் முறை வரும்போது அனுபிஸ் ஒரு புதிர் கொடுக்கும். ஒரு எழுத்துச் சரத்தோடு ஏதாவது ஒரு எண்ணைச் சேர்த்து எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் (எதைக் கொடுத்தாலும் ஒரு நீண்ட எண்ணாக மாற்றும் கணக்கு) எடுத்தால், பதினாறடிமான முறையில் எழுதிய விடை இத்தனை சுழியங்களில் தொடங்க வேண்டும். அந்த எண்ணைக் கண்டுபிடிக்கக் குறுக்குவழி கிடையாது, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும். நான்கு சுழியம் வேண்டும் என்று வைத்தால் சராசரியாக 65,536 முயற்சிகள். விடையைச் சரிபார்க்கச் சர்வருக்கோ ஒரே ஒரு ஹாஷ் போதும். விடை சரியென்றால் ஒரு குக்கி (பிரவுசர் வைத்துக்கொள்ளும் அடையாளச் சீட்டு) கொடுத்து உள்ளே விடும். அது காலாவதி ஆகும் வரை மறுபடி கேட்காது. மின்னஞ்சல் குப்பையைத் தடுக்க ஆடம் பேக் 1997-இல் கொண்டுவந்த ஹாஷ்கேஷின் அதே யோசனை.

எனக்குப் பிடித்தது புதிரைவிட, யாரிடம் புதிர் கேட்பது என்று அது முடிவு செய்யும் முறை. தன்னை ‘மொஸில்லா’ என்று சொல்லிக்கொண்டு வருபவர்களிடம்தான் முதன்மையாகக் கேட்கும். ஏறக்குறைய எல்லா பிரவுசர்களும் பழைய வழக்கப்படி அந்தச் சொல்லோடுதான் வருகின்றன. மனிதர் வேடம் போடும் பாட்களும் அப்படித்தான். கிட் க்ளோன் செய்யும் நிரலோ, ஃபெடிவர்ஸில் (மாஸ்டடான் போன்ற சர்வர்களின் கூட்டு வலை) இருந்து வரும் இன்னொரு சர்வரோ தன் சொந்தப் பெயரோடு வருவதால் புதிர் இல்லாமல் போய்விடும். உண்மைப் பெயரோடு வா, தடுக்க வேண்டுமென்றால் பெயரைப் பார்த்துத் தடுத்துக்கொள்கிறேன். பிரவுசர் என்று சொல்லிக்கொண்டு வந்தால், பிரவுசர் செய்யக்கூடியதைச் செய்து காட்டு. ரோபாட்ஸ்.டெக்ஸ்ட்டின் பழைய நாகரிகத்தைக் கொஞ்சம் வலுக்கட்டாயமாகத் திரும்பக் கொண்டுவரும் முயற்சி என்றே இதை நான் பார்க்கிறேன்.

எஃப்எஃப்எம்பெக், வைன், லினக்ஸ் கெர்னலின் கிட் தளம், யுனெஸ்கோ என்று வரிசையாகப் பலரும் இதை நிறுவினார்கள். ஒருவர் தன் சர்வரைக் காப்பாற்ற அவசரத்துக்கு எழுதியது.

பில் யார் பெயரில்

குறைகள் சீக்கிரமே தெரிந்தன. க்னோமில், ஒரு கிட்லேப் லிங்க்கை அரட்டை அறையில் பகிர்ந்தால், ஒரே நேரத்தில் பலர் திறந்து, புதிர் கடினமாகி, செல்போனில் இரண்டு நிமிடம் வரை காத்திருந்தவர்கள் உண்டு. பழைய போன் வைத்திருப்பவருக்குத்தான் தண்டனை அதிகம். ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் உலாவுபவர்கள் வெளியே நின்றார்கள். அவர்களுக்கான மாற்று வழி பின்னால் வந்த பதிப்புகளில்தான் சேர்ந்தது. இணைய ஆவணக் காப்பகத்தையும் தெரிந்த தேடுபொறிகளையும் உள்ளே விட அனுபிஸோடு ஒரு பட்டியல் வருகிறது. நல்லதுதான். ஆனால் நாளைக்குப் புதிதாக ஒருவர் சிறு தேடுபொறி கட்ட ஆரம்பித்தால், தளம் தளமாகப் போய் அனுமதி கேட்க வேண்டும். திறந்த வலையில் இது சிறிய இழப்பு அல்ல.

2025 ஆகஸ்டில் பாதுகாப்பு ஆய்வாளர் டாவிஸ் ஆர்மண்டி அடிப்படைக் கணக்கையே கேள்வி கேட்டார். 65,536 ஹாஷ் என்பது இன்றைய சர்வருக்கு நொடியில் ஒரு சிறு பின்னம். ஒரு முறை தீர்த்தால் குக்கி நாள்கணக்கில் செல்லும். அனுபிஸ் வைத்திருக்கும் தளங்கள் அத்தனைக்கும் சேர்த்துத் தீர்த்தாலும், பெரிய நிறுவனத்துக்குச் செலவு என்று சொல்ல ஒன்றும் இருக்காது. வாசகரின் போனுக்குத்தான் அது சுமை. அவர் கணக்கு சரி. அதே மாதம், பெர்லினைச் சேர்ந்த லாபநோக்கற்ற சங்கம் நடத்தும் கோட்பெர்க் தளமும், க்ராலர்கள் அனுபிஸின் புதிரைத் தீர்க்கக் கற்றுக்கொண்டுவிட்டதாக மாஸ்டடானில் அறிவித்தது.

அப்படியானால் அனுபிஸ் வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. அது தடுத்தது பணத்தால் அல்ல என்பதுதான் என் புரிதல். ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டாமல், குக்கி வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு கோரிக்கைக்கும் முகவரி மாற்றிக்கொண்டு வந்த க்ராலர்களின் வடிவமைப்பை அது உடைத்தது. ஒரு முகவரிக்கு ஒரே கோரிக்கை என்று வந்தவர்கள், இனி ஒவ்வொரு முறையும் புதிர் தீர்க்க வேண்டும், அல்லது குக்கியை வைத்துக்கொண்டு ஒரே ஆளாக அடையாளம் தெரிய வர வேண்டும். இரண்டாவது வழியில் வந்தால் பழைய வேகத்தடை மறுபடி வேலை செய்யும். அவர்கள் மாறிக்கொள்ள அரை ஆண்டுக்கும் மேல் ஆயிற்று. அந்த அவகாசத்தில் பல சர்வர்கள் விழாமல் நின்றன, நிர்வாகிகள் ஓரளவு தூங்கினார்கள். அவசரத்துக்கு எழுதிய நிரலிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை.

இதே சாய்ந்த தராசு வேறு இடத்திலும் தெரிகிறது. இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் ஓப்பன் சோர்ஸ் கருவியான கர்ல் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பெர்க், ஏஐ எழுதிக் கொடுத்த பொய்யான பாதுகாப்புக் குறைப் புகார்கள் பற்றி 2024 ஜனவரி முதல் எழுதி வருகிறார். புகாரைத் தயாரிக்க ஒரு நிமிடம். பொய் என்று உறுதிப்படுத்தக் குழுவில் மூன்று நான்கு பேருக்கு ஆளுக்கு அரைமணி முதல் சில மணி வரை. குறை கண்டுபிடிப்பவர்களுக்குக் கொடுத்துவந்த பரிசுப் பணத்தைக் கடைசியில் 2026 ஜனவரியோடு நிறுத்தினார்கள். அதே கர்லுக்கு, 2025 இலையுதிர்காலத்தில் ஒரு ஆய்வாளர் ஏஐ கருவிகளை வைத்துத் தேடி, தானும் சரிபார்த்து அனுப்பிய பட்டியலால் ஏறக்குறைய 50 பிழைகள் திருத்தப்பட்டன. கருவி ஒன்றுதான். அனுப்பும் முன் செலவைத் தன் பக்கம் ஏற்றுக்கொண்ட ஒருவர் இருந்ததால் அது உதவியாயிற்று.

இப்போது என்ன செய்யலாம்

சிறு கிட் சர்வர் நடத்துபவர்கள் முதலில் லாகில் எந்த வழிகள் நேரத்தைத் தின்கின்றன என்று பாருங்கள். அநேகமாக ப்ளேம், கோப்பு வரலாறு, ஒப்பீடு, ஜிப் ஆகிய நான்குக்குள் அடங்கிவிடும். புதிரையோ உள்நுழைவையோ அந்த நான்குக்கு மட்டும் வையுங்கள். முகப்புப் பக்கம், ரீட்மீ (நிரலின் அறிமுகக் கோப்பு), வெளியீடுகள், செய்தியோடை எல்லாம் எல்லோருக்கும் திறந்தே இருக்கட்டும். க்ளோனை எக்காரணம் கொண்டும் மூட வேண்டாம். முதல் முறையாக உங்கள் நிரலைத் தேடி வருபவர் தொடுவது ரீட்மீயைத்தான். அவருக்கு முன்னால் ஒரு சுழலும் சக்கரத்தைக் காட்டிக் காக்க வைத்தால் அவர் திரும்பி வராமலே போகலாம். க்ராலர்களைப் பொய்ப் பக்கங்களில் சுற்றவிடும் பொறிகள் பற்றியும் பலர் உற்சாகமாகப் பேசுகிறார்கள். அவையும் உங்கள் சர்வரின் நேரத்தைத்தான் செலவழிக்கின்றன. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அள்ளுபவர்களுக்கு வேறு வழி இல்லை என்ற சாக்கு செல்லாது. உலகின் பொது நிரல்களைச் சேர்த்து வைக்கும் சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் காப்பகம் 2016 முதல் இயங்குகிறது. நிரல் எழுதும் மாதிரியான ஸ்டார்கோடர்2-க்காக 2024 பிப்ரவரியில் வெளிவந்த ‘த ஸ்டாக்’ தரவுத்தொகுப்பின் இரண்டாம் பதிப்பு அந்தக் காப்பகத்தை வைத்தே கட்டப்பட்டது. அந்தக் குழு தன் தரவுக்காக யாருடைய ப்ளேம் பக்கத்தையும் தட்டவில்லை. தங்கள் நிரல் அதில் வேண்டாம் என்பவர்கள் விலகிக்கொள்ளவும் ஒரு வழி வைத்திருந்தார்கள்.